துண்டை எழுதியது யார்? 'இவால்' கேள்வியில் வேலை வாங்கும் வழி

பதுளையில் இரவு பஸ் ஏறி, விடியும்போது புறக்கோட்டையில் இறங்கி, பஸ் ஸ்டாண்டிலேயே முகம் கழுவி, சேர்ட் மாற்றிக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போகிறீர்கள். வெளியே உங்களோடு உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரில் மூன்று பேர் கொழும்பில் இங்கிலிஷ் மீடியத்தில் படித்தவர்கள். அவர்களுடைய சீ.வி. உங்களுடையதைவிட ஒரு பக்கம் கூட. மனம் தளர வேண்டாம். பத்து ஃபிரேம்வொர்க்கின் பெயரை அவர்களும் எழுதியிருப்பார்கள், நீங்களும் எழுதியிருப்பீர்கள். அதை வைத்து யாரும் யாரையும் எடுப்பதில்லை. ஜூனியர் வெப் டெவலப்பர்களை எடுக்கும் மேசையின் அந்தப் பக்கம் சில வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நான் கேட்ட ஒரு சின்னக் கேள்வியில்தான் பாதிப் பேர் சறுக்கினார்கள். "பிஎச்பியில் இவால் எப்போது பாவிப்பீர்கள்?"

"அது ஆபத்து சேர், பாவிக்கவே கூடாது" என்று மனப்பாடம் பண்ணிய பதில் வரும். "ஏன்?" என்று கேட்டால் அறை அமைதியாகிவிடும். அந்த அமைதியில்தான் உங்களுடைய வேலை இருக்கிறது.

1. முதலில் விஷயத்தைச் சொந்த வாயால் விளக்கப் பழகுங்கள். ஒரு ஸ்ட்ரிங்குக்குள் "இரண்டையும் மூன்றையும் கூட்டி விடையைத் திருப்பிக் கொடு" என்ற பிஎச்பி வரி எழுத்தாகக் கிடக்கிறது. அதை எக்கோ பண்ணினால் அந்த எழுத்து அப்படியே திரையில் வரும். இவாலிடம் கொடுத்தால் 5 கிடைக்கும். வெறும் எழுத்தை வேலை செய்யும் புரோகிராமாக ஓட்டிவிடுவதுதான் இவால்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்த எனக்குப் புத்தகம் தேவையில்லை. காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கணக்குப்பிள்ளை கையில் தோட்டத்துத் துரை எழுதிய ஒரு துண்டு இருக்கிறது. "ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து, பன்னிரண்டில் புல்லு வெட்டு" என்று வாசிக்கிறார், ஆட்கள் போகிறார்கள். துண்டு யார் கையெழுத்து என்று பார்க்காமல் வாசிக்கிற மனிதர் அவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் எவனோ ஒருவன் அடியில் "ஸ்டோர் சாவியை இவனிடம் கொடு" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், அதுவும் அதே குரலில் வாசிக்கப்படும், சாவியும் போய்விடும். இவால் அந்தக் கணக்குப்பிள்ளை. எழுத்து டேட்டாபேஸிலிருந்து வந்ததா, ஃபோர்மில் யாரோ தட்டியதா என்று அது கேட்பதில்லை.

இந்த உதாரணத்தை இன்டர்வியூவில் சொல்லக் கூச்சப்படாதீர்கள். பிரட்டுக்களம், கணக்குப்பிள்ளை எல்லாம் கொழும்புக்காரருக்குப் புதிது. நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார். மற்ற ஐந்து பேரும் ஒரே யூடியூப் வீடியோவிலிருந்து ஒரே உதாரணத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

2. ஒரு தவறின் கதையைக் கையில் வைத்திருங்கள். உங்களுடையதாக இருந்தால் நல்லது. என்னுடையதைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சிறிய கம்பனியில், சம்பளம் கணக்கிடும் ஒரு சிஸ்டம் என் தலையில் விழுந்தது. பல வகையான தொழிலாளர்கள், ஒவ்வொரு வகைக்கும் ஒரு ஃபோர்முலா. நாள் எண்ணிக்கையைக் கூலியால் பெருக்கு, நோர்ம் என்ற நாள் அளவுக்கு மேல் பறித்த கிலோவுக்கு இவ்வளவு சேர், ஈபிஎஃப் 8 சதவீதம் கழி. கூலி மாறினால் புரோகிராமைத் திருத்த வேண்டாமே என்று கெட்டிக்காரத்தனமாக ஃபோர்முலாக்களை டேட்டாபேஸில் எழுத்தாகப் போட்டு, ஓட்டும்போது இவாலிடம் கொடுத்தேன். நாலு மாதம் ராசா மாதிரி ஓடியது.

ஐந்தாம் மாதம் கணக்குப் பிரிவில் ஒருவர் ஒரு ஃபோர்முலாவை மைக்ரோசொஃப்ட் வேர்டில் திருத்தி ஒட்டினார். வேர்ட் தன் பழக்கப்படி மைனஸ் குறியை நீளமான கோடாக மாற்றியிருந்தது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பிஎச்பிக்குத் தெரியும். அது பிஎச்பி 5 காலம். அந்தக் காலத்தில் இவாலுக்குள் இலக்கணப் பிழை வந்தால் அது 'ஃபோல்ஸ்' என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும், மீதிப் புரோகிராம் தொடர்ந்து ஓடும். நான் அந்த ஃபோல்ஸைப் பார்க்கவில்லை. எரர் திரையில் வராதபடி அணைத்தும் வைத்திருந்தேன். விளைவு என்ன தெரியுமா? அந்த வகையில் இருந்த அத்தனை பேருக்கும், லிஸ்டில் அவர்களுக்கு முன்னால் நின்ற ஒருவரின் சம்பளமே விழுந்தது. விடையை வேரியபிளில் போடும் வரியும் ஓடாத அந்த எழுத்துக்குள்ளேயே இருந்ததால், பழைய விடை அப்படியே கிடந்ததுதான் காரணம். பத்தாம் திகதி சம்பளம். ஒன்பதாம் திகதி இரவு நான் தூங்கவில்லை.

இதில் ஹேக்கர் யாருமே இல்லை என்பதைக் கவனியுங்கள். இவால் என்றதும் எல்லோரும் ஹேக்கரைப் பற்றிப் பேசுவார்கள். நேர்மையான ஒரு கிளார்க்கும் ஒரு கோடும் போதும் என்று சொல்கிற ஆளை நான் இதுவரை இரண்டு தடவைதான் பார்த்தேன். இரண்டு பேரையும் எடுத்தேன்.

3. தொழில்நுட்ப விவரத்தில் சில விஷயங்கள் விரல் நுனியில் இருக்க வேண்டும். இவால் ஒரு ஃபங்ஷன் இல்லை, மொழியின் உள்ளுறுப்பு. அதனால் சேர்வர் செட்டிங்கில் 'டிசேபிள் ஃபங்ஷன்ஸ்' என்ற பட்டியலில் அதன் பெயரைப் போட்டாலும் அது நிற்காது. இந்த ஒரு வரி பல சீனியர்களுக்கே தெரியாது. கொடுக்கும் எழுத்து முழு வரியாக, செமிகோலனோடு முடிய வேண்டும். தொடக்கத்தில் பிஎச்பி டேக் போடக்கூடாது. ரிட்டர்ன் எழுதாவிட்டால் கிடைப்பது 'நல்'. எந்த இடத்தில் இவால் ஓடுகிறதோ அந்த இடத்து வேரியபிள் எல்லாம் உள்ளே ஓடும் எழுத்துக்குத் தெரியும், டேட்டாபேஸ் கனெக்ஷன் உட்பட. இரட்டை மேற்கோளுக்குள் ஸ்ட்ரிங்கை எழுதினால், டொலர் குறி போட்ட பெயர்கள் இவாலுக்குப் போகும் முன்பே மதிப்பாக மாறிவிடும். ஒற்றை மேற்கோளுக்குள் மாறாது. புதிதாக வருபவர்கள் அரை நாளைத் தொலைப்பது இங்கேதான். பிஎச்பி 7 வந்த பிறகு, இலக்கணப் பிழை 'பார்ஸ் எரர்' என்று எக்ஸெப்ஷனாக எறியப்படும். என் சம்பளக் கதை பிஎச்பி 7இல் நடந்திருந்தால் புரோகிராம் அந்த இடத்திலேயே விழுந்து, எனக்கு ஒன்பதாம் திகதி பகலிலேயே தெரிந்திருக்கும்.

லெப்டொப் இல்லை என்று சாக்குச் சொல்லாதீர்கள். 3வி4எல் டொட் ஓஆர்ஜி என்று ஒரு தளம் இருக்கிறது. அந்தப் பெயரே 'இவால்' என்ற சொல்லை எண்ணும் எழுத்துமாகக் கலந்து எழுதியதுதான். போன் பிரவுசரில் திறந்து நாலு வரி எழுதினால், பழைய பிஎச்பி முதல் புதியது வரை பல வெர்ஷன்களில் ஓட்டி, எதில் என்ன விடை என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும். லயத்தில் சிக்னல் ஒரு கோடுதான் வருகிறது என்றால் வாசலில் இறங்கி நின்று செய்யுங்கள். மேலே சொன்ன ஒவ்வொன்றையும் அதில் ஒரு தடவை செய்து பார்த்தவர் இன்டர்வியூவில் பேசும் விதமே வேறு.

4. "இன்புட்டை ஃபில்டர் பண்ணிவிட்டு இவாலுக்குக் கொடுப்பேன்" என்று தப்பித்தவறியும் சொல்லாதீர்கள். அடுத்த கேள்வியில் மாட்டுவீர்கள். பிஎச்பியில் ஃபங்ஷன் பெயரை ஸ்ட்ரிங்காகத் துண்டு துண்டாக ஒட்டி உருவாக்கி, அந்தப் பெயரால் கூப்பிடலாம். சாய்ந்த மேற்கோள் குறி இரண்டுக்குள் எழுதியதைப் பிஎச்பி சேர்வரின் ஷெல் கமாண்டாகவே ஓட்டும். நீங்கள் தடுக்கும் பத்துச் சொல்லைத் தவிர்த்து எழுத ஆயிரம் வழி. வேலியில் எத்தனை ஓட்டை என்று எண்ணத் தொடங்கினால் பொழுது போய்விடும்.

5. "வேண்டாம்" என்பதோடு நிறுத்தாமல் மாற்றைக் கையில் கொடுங்கள். சம்பளம் உயர்வது இந்தப் படியில்தான், ஆகவே இங்கே கொஞ்சம் நிற்போம்.

என் சம்பள சிஸ்டத்தை எப்படித் திருத்தினேன் என்றால், முதலில் ஃபோர்முலாக்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மாறிக்கொண்டிருந்தவை எண்கள் மட்டும்தான். நாட்கூலி, நோர்ம் கிலோ, மேலதிக கிலோவின் விலை, ஈபிஎஃப் வீதம். ஃபோர்முலாவின் உருவம் மாறவே இல்லை. அப்படியானால் டேட்டாபேஸில் இருக்க வேண்டியது நாலு எண், புரோகிராமில் இருக்க வேண்டியது ஒரு சாதாரண ஃபங்ஷன். முக்கால்வாசி இவால் இப்படியே கரைந்துவிடும். கூலி எந்தத் திகதியிலிருந்து மாறுகிறது என்று ஒரு பத்தியும் சேர்த்தால், பழைய மாதத்தின் சம்பளத்தையும் சரியாகத் திரும்பக் கணக்கிடலாம். ஃபோர்முலாவை எழுத்தாக வைத்திருந்தபோது அது முடியவில்லை.

உருவமும் வகைக்கு வகை மாறுகிறது என்றால், ஒவ்வொரு வகைக்கும் ஒரு ஃபங்ஷன் எழுதி, பெயரும் ஃபங்ஷனுமாக ஒரு அரேயில் வையுங்கள். டேட்டாபேஸில் 'கொழுந்து', 'ஃபெக்டரி', 'வாச்சர்' என்று பெயர் மட்டும் இருக்கட்டும். பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் நின்று கத்த வேண்டும். எவனாவது டேட்டாபேஸுக்குள் நுழைந்தாலும், இருக்கும் ஃபங்ஷன்களில் ஒன்றைத் தெரிவுசெய்யத்தான் அவனால் முடியும், புதிதாக ஒன்றை எழுதமுடியாது.

"இல்லை, மனேஜரே ஃபோர்முலா எழுத வேண்டும், எக்செல் மாதிரி" என்று கிளையன்ட் அடம்பிடிப்பார். அதற்கும் வழி இருக்கிறது. சிம்ஃபொனி குழுவின் 'எக்ஸ்பிரஷன் லேங்குவேஜ்' என்ற லைப்ரரியை எடுங்கள். கூட்டல், கழித்தல், ஒப்பிடல், நீங்கள் அனுமதித்த வேரியபிள், நீங்கள் பதிவுசெய்த ஃபங்ஷன், கிட்டத்தட்ட அவ்வளவுதான் அந்தச் சின்ன மொழி. ஃபைலை அழி என்று அதில் எழுதுவதற்குச் சொல்லே கிடையாது. ஒரு எச்சரிக்கை: உள்ளே பெரிய ஒப்ஜெக்ட்களைக் கொடுத்தால் அவற்றின் மெதட்களையும் அதனால் கூப்பிட முடியும், ஆகவே எண்களையும் சிறு எழுத்துகளையும் மட்டும் கொடுங்கள். ஃபோர்முலாவைச் சேமிக்கும் நேரத்திலேயே பார்ஸ் பண்ணிப் பார்த்து, பிழை என்றால் அங்கேயே திருப்பி அனுப்புங்கள். வேர்டின் நீளக்கோடு அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் கேட்டால் கதை சுருக்கம். ஒரு காலத்தில் சேர்வரிலிருந்து வரும் டேட்டாவைப் படிக்கவே இவால் பாவித்தார்கள். ஜேசன் பார்ஸ் 2009இன் எக்மாஸ்கிரிப்ட் 5இல் நிலையாக வந்த பிறகு அந்தத் தேவை போய்விட்டது. செட்டைம்அவுட்டுக்கு ஸ்ட்ரிங் கொடுப்பதும், 'நியூ ஃபங்ஷன்' என்று எழுதுவதும் வேறு சட்டை போட்ட இவால்தான். கன்டென்ட் செக்யூரிட்டி பொலிசி என்ற ஹெடரைச் சரியாகப் போட்டால் பிரவுசரே இவற்றைத் தடுக்கும்.

6. உண்மையில் நடந்ததைப் பெயரோடும் வருடத்தோடும் சொல்லுங்கள். "ஹேக் பண்ணிவிடுவார்கள்" என்பது பாட்டி கதை. 2005இல் எக்ஸ்எம்எல்-ஆர்பிசிக்கான சில பிஎச்பி லைப்ரரிகள் வெளியிலிருந்து வந்த கோரிக்கையை ஸ்ட்ரிங்காக ஒட்டி இவாலிடம் கொடுத்தன. அவற்றை உள்ளே வைத்திருந்த வேர்ட்பிரஸ், டுருபல் எல்லாம் ஒன்றாக ஆட்டம் கண்டன. டுருபலில் 'பிஎச்பி ஃபில்டர்' என்ற மொடியூல் இருந்தது. கட்டுரை எழுதும் பெட்டிக்குள்ளேயே பிஎச்பி எழுதி டேட்டாபேஸில் சேமிக்கலாம், பக்கம் திறக்கும்போது அது ஓடும். 2015இல் வந்த டுருபல் 8 அதை மையத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டது.

எனக்குப் பிடித்த உதாரணம் பிஎச்பியூனிட். அது டெஸ்ட் எழுதும் கருவி, டெவலப்பரின் மெஷினில் மட்டும் இருக்க வேண்டியது. அதற்குள், வந்த எழுத்தை அப்படியே இவாலிடம் கொடுக்கும் குட்டி ஃபைல் ஒன்று இருந்தது. சோம்பேறித்தனமாக வென்டர் ஃபோல்டரோடு சேர்த்து முழுவதையும் வெப் சேர்வரில் ஏற்றியவர்களின் தளத்தில், அந்த ஃபைலின் முகவரி தெரிந்த எவனும் தன் இஷ்டத்துக்குக் கமாண்ட் அனுப்பலாம். சிவிஇ-2017-9841 என்பது இந்த ஓட்டையின் பதிவு எண். 4.8.28, 5.6.3 வெர்ஷன்களில் திருத்தினார்கள். ஒரு வெப் சேர்வரின் லொக்கைத் திறந்து பாருங்கள். அந்த ஃபைலைத் தேடிக் கதவு தட்டிய ரோபோக்களின் வரி இன்னமும் கிடைக்கும். அப்படி ஒரு லொக்கை நீங்களே பார்த்ததாகச் சொன்னால் மார்க் கூடும்.

பொய்க் கதை கலக்காதீர்கள். 2021 பெப்ரவரி 6ஆம் திகதி கூகிள் டொட் எல்கே போன்ற முகவரிகளைத் திறந்தவர்கள் வேறொரு பக்கத்துக்குப் போனார்கள். அந்தப் பக்கத்தில் இருந்த குறைகளில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிரச்சினையும் ஒன்று. ஆயிரம் ரூபாய்ச் சம்பளப் பேச்சு சூடாக இருந்த நேரம் என்பதால் நம் ஆட்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். ஆனால் அது டொமைன் பதிவின் பக்கம் நடந்த விஷயம், டிஎன்எஸ் சம்பந்தப்பட்டது. இவாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒருவர் என்னிடம் இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பேசினார். பேசி முடித்ததும் நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன்.

7. பழைய கோட் என்றால் முகம் சுளிக்காதீர்கள், அங்கே போட்டி குறைவு. பிஎச்பி மொழியே இவாலின் பங்காளிகளை ஒவ்வொருவராக வெளியேற்றியது. பிரெக் ரீப்ளேஸின் 'ஈ' என்ற மொடிஃபையர் 2013இல் 5.5 வெர்ஷனில் கைவிடத்தக்கது என அறிவிக்கப்பட்டு, 2015இல் 7.0இல் நீக்கப்பட்டது. கிரியேட் ஃபங்ஷனும், அசர்ட்டுக்கு ஸ்ட்ரிங் கொடுக்கும் பழக்கமும் 2017இல் 7.2இல் கைவிடத்தக்கவை என அறிவிக்கப்பட்டு, 2020இல் 8.0இல் போய்விட்டன. ஆகவே பழைய சிஸ்டத்தைப் புதிய பிஎச்பிக்கு ஏற்றும்போது இந்த இடங்களில்தான் உடையும். எல்லா ஜூனியரும் ரியாக்ட் பின்னால் ஓடும்போது, "பழைய பிஎச்பியை 8க்குக் கொண்டுவரத் தெரியும், முதல் இரண்டையும் குளோஷராகவும், அசர்ட்டின் ஸ்ட்ரிங்கைச் சாதாரண எக்ஸ்பிரஷனாகவும் மாற்றிக் கொடுப்பேன்" என்பவர் தனியாகத் தெரிவார்.

8. ஊரிலேயே கையைப் பழக்குங்கள். எல்ல, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் தெருவுக்குத் தெரு கெஸ்ட் ஹவுஸ். வேர்ட்பிரஸில் தளம் கட்டி, பிறகு யாரும் அப்டேட் பண்ணாமல் விட்டுவைத்திருக்கும் ஹோட்டல்காரர்கள் உண்டு. அப்படிக் கெட்ட கோட் தொற்றிய தளத்தைத் திறந்தால் பழகிய முகம் தெரியும்: பேஸ்64இல் சுற்றி, ஜிஸிப்பில் அமுக்கி, வெளியே இவால் போர்த்திய ஒரு நீள வரி. முதலில் முழு பெக்கப். பிறகு டபிள்யூபி-சிஎல்ஐ கொண்டு மூல ஃபைல்களின் செக்சம் சரிபார்ப்பு. படங்கள் போடும் அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் பிஎச்பி ஃபைல் இருந்தால் கிட்டத்தட்ட நிச்சயம் வேண்டாத விருந்தாளி. தெரியாத அட்மின் பெயர்கள், நேரம் குறித்து ஓடும் வேலைகள் இருக்கின்றனவா என்ற தேடல், கடைசியில் எல்லாப் பாஸ்வேர்ட்டும் மாற்றம். பேஸ்64 என்ற சொல்லைக் கண்டதும் அழித்துவிடாதீர்கள். ஒழுங்கான பிளகினிலும் அது வரும். முன்னும் பின்னும் எடுத்த ஸ்கிரீன்ஷொட் உங்கள் சீ.வி.யில் மூன்று சேர்ட்டிஃபிக்கட்டுக்குச் சமம்.

ஒரு கண்டிப்பு: உரிமையாளரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் எந்தத் தளத்தையும் நோண்டாதீர்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். "உதவி செய்யத்தான் போனேன்" என்பது வாதமாகாது. வட்ஸ்அப்பில் ஒரு வரி அனுமதி வாங்கி, அதையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்புக்கு வழி கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. இசட் ஸ்கோர் போதாவிட்டால் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பிஐடி வெளிவாரிப் பட்டம். காசே இல்லை என்றால் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவச ஒன்லைன் ஃபுல் ஸ்டெக் பாடம். பட்டப் படிப்பு இரண்டும் இங்கிலிஷில்தான். அதற்கு வேறு வழி எனக்குத் தெரியாது.

9. "அப்படியானால் இவால் எங்கேயுமே வேண்டாமா?" என்று கடைசியாக ஒரு கண்ணி வைப்பார்கள். உண்டு என்று சொல்லுங்கள். லாரவெல்லின் டிங்கர் போன்ற, டெவலப்பர் தானே தட்டித் தானே ஓட்டும் கன்சோல்களின் அடியில் இவால்தான் இருக்கிறது. பிஎச்பியூனிட் போலி கிளாஸ்களைச் சுடச்சுட உருவாக்குவதும் அதைக் கொண்டுதான். இந்த இடங்களில் எழுத்தை எழுதியவர் டெவலப்பர் அல்லது அவருடைய சொந்தப் புரோகிராம். துண்டு துரையின் கையிலிருந்து நேராக வந்தது.

10. "உங்களுக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா?" என்று முடிவில் கேட்பார்கள். லீவு எத்தனை நாள் என்று கேட்காதீர்கள். "உங்கள் சிஸ்டத்தில் ஃபோர்முலாவோ டெம்ப்ளேட்டோ டேட்டாபேஸில் எழுத்தாக இருக்கிறதா, அதை எப்படி ஓட்டுகிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் டக்கென்று வந்தால் நல்ல இடம். பதில் சொல்லும் முன் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்தால், உங்களுடைய முதல் ஆறு மாத வேலை என்னவென்று அந்த நிமிடமே தெரிந்துவிடும். எதிர்பார்க்கும் சம்பளத்தை அதற்குப் பிறகு சொல்லுங்கள்.